தீ தொடாத கட்டை

அத்தியாயம் 6

மரத்துக்கு யாரோ பட்டை போட்டிருந்தார்கள்.

விளையாட்டில்லை, பட்டையேதான். மூவாரில் மாஹிர் பாயின் மரப்பட்டறைக்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில், நெஞ்சு உயரத்துக்கு, வெள்ளைப் பெயிண்டால் மூன்று குறுக்குக் கோடுகள். மேலே இலைகளில் பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சப் பாதி உதிரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அலமாக், மரத்தையே சாமியாராக்கிட்டாங்களேக்கா," என்றான் மகேஸ்வரன். "பக்கத்துல ஒரு உண்டியல் வெச்சா போதும். பட்டறையை மூடிட்டு பாய் உக்காந்தே சாப்பிடலாம்."

துப்பறியும் பிரேமலா சிரிக்கவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் அவள். எரிந்த கடை, தொலைந்த கார், செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மாமனார் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பழகியதில், வேலையை விட்ட பிறகும் அந்தக் குணம் அவளை விடவில்லை. இப்போது குளுவாங்கில் சொந்தமாக ஓர் அலுவலகம். அதில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு மகேஸ்வரன். மூன்றில் ஓயாமல் சத்தம் போடுவது மின்விசிறி இல்லை.

"அது சாமிப் பட்டை இல்ல தம்பி, சாவுப் பட்டை," என்றார் மாஹிர் பாய். அறுபதைத் தாண்டிய மனிதர். சட்டைப் பையில் மடித்து வைத்த கைக்குட்டையை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். "வண்டு புடிச்ச மரத்துக்கு விவசாய இலாகாக்காரங்க போடற அடையாளம். மூணு கோடு போட்டா வெட்டி எரிச்சிடணும்னு அர்த்தம். நாளைக்குக் காலையில வர்றாங்க. மரத்தை மட்டுமில்ல, உள்ள இருக்கற பலகை, கட்டை எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் கொளுத்திட்டு, பட்டறைக்குச் சீல் வைக்கப் போறாங்க. வெளிநாட்டுச் சாமான் ஏத்தி வர்ற மரப் பேலட்டுல நான்தான் வண்டைக் கொண்டாந்தேனாம். என் லோரிங்கதான் ஜொகூர் முழுக்கப் பரப்புச்சாம்."

"கொண்டாந்தீங்களா?"

கேள்வி வந்த வேகத்தில் பாயின் கை கைக்குட்டையோடு பாதியில் நின்றது.

"உங்களைக் கூப்பிட்டதே நான்தானேமா!"

"எங்கிட்ட அதிகமா பொய் சொன்னவங்க எல்லாம் என்னைக் கூப்பிட்டவங்கதான், பாய். அதான் முதல்ல உங்ககிட்ட கேக்கறேன்."

"அல்லா மேல ஆணையா இல்லமா. எங்கிட்ட வர்றதெல்லாம் சூளையில காயவெச்ச பால்மரக் கட்டை, ரப்பர் கட்டை. அந்தச் சூட்டுல வண்டு என்ன, வண்டோட பாட்டனும் பொழைக்க மாட்டான். இதை யாருகிட்ட சொன்னாலும் தலையை ஆட்டிட்டுப் போறாங்க. எம் பட்டறையில ரம்பம் நின்னா இங்க இருக்கற குடும்பம் எல்லாம் எங்க போகும்?"

குரல் உடைந்தது. பட்டறைக்குள் ஒரு ரம்பம்கூட ஓடவில்லை. வேலைக்காரர்கள் வாசலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்கிற மனிதர்களுக்கும் குரல் உடையும் என்பது பிரேமலாவுக்குத் தெரியும். அதனால் அவள் பாயை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்தாள்.

அடிமரத்தில் பால்பாயிண்ட் பேனாவின் முனை போகும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். சிலவற்றிலிருந்து மரத்தூள் குச்சிகுச்சியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்த வண்டு எள்ளை விடச் சின்னது. மரத்தைத் தின்பதுகூட இல்லை. துளைத்துக்கொண்டு உள்ளே போய், கையோடு கொண்டுவந்த பூஞ்சையைப் பயிர் செய்து, பிள்ளைகுட்டிகளோடு அதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறது. மரம் சாவது அந்தப் பூஞ்சையால்.

"வாடகைக்கு வந்தவன் விவசாயம் பண்ணி வீட்டையே இடிச்ச கதை," என்று மகேஸ்வரன் முடித்து வைத்தான்.

"பாய், உங்க பலகை எல்லாம் எந்தப் பக்கம் அடுக்கறீங்க?"

"அந்தா, அந்தப் பக்கம்மா."

"ஓட்டை எல்லாம் இந்தப் பக்கம் இருக்கே," என்றாள் பிரேமலா. "பலகையிலேருந்து வந்த வண்டு மரத்தைச் சுத்தி வந்து முதுகுப் பக்கமா ஏன் கதவு தட்டணும்?"

அவள் குனிந்தாள். ஓட்டைகள் நெருக்கமாக இருந்த பக்கத்தில், வேரை ஒட்டி, புல் முளைக்காத ஒரு திட்டு. ஒரு ஆள் உட்காரும் அகலம். மண்ணில் எண்ணெய்க் கறை. யாரோ எதையோ நீண்ட நாள் வைத்திருந்து எடுத்திருக்கிறார்கள்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"எங்க ரம்பக்காரர் ஐயாசாமி ஒரு கட்டை வெச்சிருந்தாரு. சாமிக் கட்டைன்னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை ஆனா விளக்கு வைப்பாரு. அது அவரு நம்பிக்கை, நான் ஏன் தடுக்கணும்? போன மாசம் என்னமோ தோஷம்னு சொல்லி அவரே எடுத்துட்டுப் போய் கொளுத்திட்டாரு. இப்ப லீவுல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு."

பிரேமலா அந்த எண்ணெய்க் கறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாமி என்று வைத்ததைச் சாமி கும்பிடுகிறவரே கொளுத்துவாரா?

அந்த நேரம் பார்த்து மகேஸ்வரனின் போன் அலறியது. அவன் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"யாரு?"

"வேற யாரு, கருப்பாயி அம்மையார்தான். வாசல்ல மாமரம் இலை கொட்டுதாம். எதிர்வீட்டுக்காரி கண்ணு பட்டுருச்சாம். உரம் வாங்கிட்டு வான்னு ஒரே தொல்லை. மூட்டை வாங்கி காடி பின்சீட்டுலயே போட்டிருக்கேன், கொண்டுபோய்க் குடுக்கத்தான் நேரமில்ல. உங்களுக்குத்தான் ஞாயித்துக்கிழமையும் சந்தேகம் வருதே!"

"உங்கம்மா ஏன் ஒவ்வொண்ணுக்கும் போன் பண்ணித் திட்டறாங்க? வாட்சப்புல போடலாமே."

"அவங்களுக்கா? பொத்தான் போன்க்கா அது. பச்சைப் பொத்தான் பேச, சிவப்புப் பொத்தான் திட்டி முடிச்சதும் வைக்க. அவ்ளோதான் அவங்க படிப்பு."

இருவரும் குளுவாங் திரும்பினார்கள்.

டாக்டர் ஹேமநாதன் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பூச்சிகளின் மரபணுவைப் படிக்கிறவர்; பாயின் மரத்து வண்டை இலாகா இவரிடம்தான் கொடுத்திருந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் நாற்காலியை விடக் குளிர்பெட்டிகள் அதிகம். தூங்கி நாளானது போல் கண் சிவந்திருந்தார்.

"இலாகா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்," என்று ஆரம்பித்தார். "எல்லா எடத்துலயும் ஒரே வண்டா? ஆமா, ஒரே வண்டு. உடனே பாய் மேல பழி. நான் கேட்ட கேள்வி வேற. ஒரே குடும்பமா?"

"வண்டுக்கெல்லாம் குடும்பமா டாக்டர்?"

"மனுஷனை விடக் கட்டுக்கோப்பான குடும்பம். இந்த வண்டுல பொண்ணு, பொறந்த மரத்துக்குள்ளயே கூடப்பொறந்த தம்பியைக் கட்டிக்கும்."

மகேஸ்வரன் முகத்தைச் சுளித்தான். "அத்தை மகனுங்க எல்லாம் என்ன ஆனாங்க? கல்யாணப் பத்திரிகை வரலையா?"

"வெளி ரத்தமே கலக்காது. அதனால தலைமுறை தலைமுறையா மரபணு அப்படியே இருக்கும். ஒரு தாயோட வம்சத்தை எந்த ஊர்ல பாத்தாலும் இது அவ வம்சம்னு அடிச்சுச் சொல்லிடலாம்." ஹேமநாதன் மேசையில் இருந்த பிஸ்கட்டுகளை நகர்த்தினார். உப்பு பிஸ்கட் ஒரு தாய், கிரீம் பிஸ்கட் இன்னொரு தாய். "ஜொகூர்ல இதுவரைக்கும் புடிச்சது ரெண்டே தாய் வம்சம். மூவார் பட்டறை மரத்துல உப்பு மட்டும். பொந்தியான்ல ஒரு தாமான்ல, வீடுங்க நெறைஞ்ச குடியிருப்புல, பொறி வெச்சிருந்தோம், எந்த வீட்டு மரம்னு தெரியல, அதுல விழுந்தது கிரீம் மட்டும். காஹாங் காட்டோரத்துல உப்பு, கிரீம் ரெண்டும்."

பிரேமலா பிஸ்கட்டுகளையே பார்த்தாள். "பாய்கிட்ட இருந்துதான் பரவுச்சுன்னா அவருகிட்ட ரெண்டும் இருந்திருக்கணும். தங்கிட்ட இல்லாத கிரீமை அவரு எப்படிப் பொந்தியானுக்கு அனுப்புவாரு?"

"அதேதான்! பாய் ஆரம்பம் இல்ல, கடைசி. காஹாங்லேருந்துதான் மத்த ரெண்டு ஊருக்கும் போயிருக்கு. ஆனா காஹாங்குக்கு எப்படி வந்துச்சுன்னு இலாகா கேக்குது. அதுக்குத்தான் பழைய சாம்பிள் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில, ரோட்டோர மரங்கள்ல இதே வண்டு வந்துச்சு. அதுதான் முதல் தடவை. அங்க எடுத்த வண்டுங்க இந்தக் குளிர்பெட்டியிலயே இருந்துச்சு. ரெண்டு வம்சமும் அப்படியே இருக்கு. ஒரு எழுத்துகூட மாறல."

"அப்ப அதுதான் தாய்வீடு. அதுல என்ன சிக்கல்?"

"அந்த மரம் எல்லாம் போன வருஷமே வெட்டி எரிச்சாச்சு, பிரேமலா. ஒரு குச்சி விடாம."

ஹேமநாதன் குளிர்பெட்டியின் கதவைத் தட்டிச் சாத்தினார்.

"எரிஞ்ச வம்சம் காஹாங்ல குடியிருக்கு," என்றான் மகேஸ்வரன். "வாடகை யாரு கட்டறாங்கன்னு கேளுங்கக்கா."

"எரிச்சது யாரு?"

"ராஜசேகரன், இலாகாவுக்கு மரம் வெட்டி எரிக்கற குத்தகைக்காரர். மூடின லோரியில ஏத்தி, இலாகா சொல்ற சூளையில போட்டு எரிக்கணும், அதுதான் பேச்சு. நல்ல பேரு உள்ள மனுஷன். எரிச்சதுக்கு வீடியோவே அனுப்பியிருக்காரு. போன மாசம் பாய் பேரை முதல்ல இலாகாகிட்ட சொன்னதும் அவருதான், லோரிக்காரங்களை அவருக்கு நல்லாத் தெரியுமாம்."

"அப்படியா," என்றாள் பிரேமலா. கேட்காமலே சாட்சி சொல்ல வருகிறவர்கள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் உண்டு. "அந்த வீடியோவைக் கொஞ்சம் போடுங்க."

ஹேமநாதன் போட்டார். ஆளுயரத்துக்கு நெருப்பு. அடுத்து, நெருப்பு அடங்கி, சிவப்புத் தணல். நீளமான மூங்கில்களால் யாரோ தணலைத் தட்டித் தட்டிப் பரப்பினார்கள். ஆட்களின் முகம் இல்லை, கைகள் மட்டும். அத்தோடு முடிந்தது.

"சத்தமே வரலையே?"

"ஆமா, சத்தம் இல்லாமதான் வந்துச்சு."

"திரும்பப் போடுங்க." இரண்டாவது தடவை அவள் திரையைத் தொட்டு நிறுத்தினாள். "டாக்டர், நீங்க குப்பை எரிச்சா என்ன பண்ணுவீங்க? குமிச்சு எரிப்பீங்க. எரிஞ்சதும் தண்ணி ஊத்திட்டுப் போவீங்க. இந்த ஆளுங்க தணலைப் பாய் மாதிரி நீளமா விரிக்கறாங்க. ஒரு மேடு பள்ளம் இல்லாம சமப்படுத்தறாங்க. சூளைக்குள்ள எவன் இந்த வேலை பாப்பான்? மூங்கில் நுனியைப் பாருங்க. வேப்பிலை கட்டியிருக்கு."

ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரபணுவின் எழுத்துகளை ஒன்று விடாமல் படிக்கிறவர், இத்தனை நாள் வேப்பிலையைப் பார்க்கவில்லை. இலாகா அதிகாரிகள் பார்த்திருந்தாலும் அவர்களுக்கு அது வெறும் இலை.

"பூக்குழி," என்றார் மெதுவாக. "தீமிதிக்குப் போட்ட நெருப்பு."

"சத்தத்தை எடுத்தது அதுக்குத்தான். இல்லாட்டி உறுமி மேளம் காதைக் கிழிச்சிருக்கும். ஆனா எந்தக் கோயில்? ஜொகூர்ல தோட்டத்துக்குத் தோட்டம் அம்மன் இருக்காளே. மகேஸ், நீ என்ன..."

அவள் திரும்பினாள். மகேஸ்வரன் பேசவில்லை. அவனை வேலைக்கு வைத்த நாள் முதல் அவள் ஏங்கிக்கொண்டிருந்த மௌனம் அது. வந்தபோது பிடிக்கவில்லை.

அவன் விரல் திரையின் மூலையைத் தொட்டது. புகைக்குப் பின்னால், இடி விழுந்து தலை போன ஒரு தென்னை.

"அந்த மொட்டைத் தென்னை எனக்குத் தெரியும்க்கா," என்றான். "காஹாங் பக்கம் எங்கம்மா பொறந்த தோட்டம். அது எங்க கோயில்."

காஹாங் போகும் வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். மகேஸ்வரன் ஓட்டினான். ரேடியோவைக்கூடப் போடவில்லை. தோட்டத்தை விட்டு எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள் என்றும், மூவார், பொந்தியான், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தீமிதிக்கு மட்டும் கூடுவார்கள் என்றும் பிரேமலா கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். போன வருஷம் அவன் வரவில்லை. சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்கு இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மட்டும் பொந்தியானிலிருந்து வந்து போனாள்.

அவன் சொன்னதை பிரேமலா நம்பினாள். ஆனாலும் ஒரு தடவை அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் பிழைப்பு அப்படி.

கோயில் சின்னது. பின்னால் செம்பனை முடிந்து காடு ஆரம்பிக்கும் இடத்தில், மூன்று வெள்ளைக் கோடு போட்ட மரங்கள் வரிசையாக நின்றன. வாசலில் பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ராசம்மா எழுந்து வந்தாள். கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கு வைப்பவள் அவள்தான். மடப்பள்ளிக்குப் பக்கத்துக் கொட்டகையில் குடியிருக்கிறாள்.

"யாரு, கருப்பாயி மவனா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!"

"வேலைலா, பெரியம்மா," என்று தலையைச் சொறிந்தான் மகேஸ்வரன்.

பிரேமலா நேராக விஷயத்துக்கு வந்தாள். "போன வருஷம் பூக்குழிக்குக் கட்டை யாரு உபயம்மா?"

"தலைவர்தாம்மா, ராஜசேகரன் தம்பி. லோரி லோரியாக் கொண்டாந்து எறக்குனாரு. அந்த மாதிரி உபயம் இந்தக் கோயில் பாத்ததே இல்ல. பொன்னாடை போத்தி, மாலை போட்டு, மைக்குல பேரை எத்தனை தடவை சொன்னாங்கன்னு கணக்கே இல்ல. அவங்கப்பா இந்தத் தோட்டத்துல புல்லு வெட்டற வெளிக்காட்டு வேலை பாத்தவரு. மவனுக்கு அப்படி ஒரு மரியாதை கெடச்சதைப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"எல்லாக் கட்டையும் எரிஞ்சுதா?"

"எங்கம்மா எரிஞ்சுது! முதல் குவியல் எரிஞ்சு தணல் பரப்புனாங்க, ஜனங்க எறங்குனாங்க. அதுக்குள்ள வானம் பொத்துக்கிட்டு ஊத்திருச்சு. பாதிக்கு மேல கட்டை அப்படியே நின்னுபோச்சு."

பிரேமலாவின் முதுகு நிமிர்ந்தது. "நின்ன கட்டை என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? பூக்குழிக்குன்னு வெச்ச கட்டையை அடுப்புக்குப் போட முடியுமா, வித்துட முடியுமா? சாமி குத்தம் ஆயிராது? அதுலயும் சாதாரணக் கட்டையா அது! ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா மூணு பட்டை போட்டு, விபூதி பூசுனாப்புல இருந்துச்சு. சனம் அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிச்சு. தலைவரே பயபக்தியா பட்டை போட்டுக் கொண்டாந்திருக்காருன்னு பேச்சு. குடும்பத்துக்கு ஒண்ணா ஊருக்கு எடுத்துட்டுப் போய், வாசல்ல வெச்சு, பொட்டு வெச்சுக் கும்பிடறாங்க."

மகேஸ்வரன் தலையில் கை வைத்தான். காலையில் மரத்தைப் பார்த்து அவன் அடித்த ஜோக், ஒரு வருஷத்துக்கு முன்பே இங்கே நிஜமாக நடந்திருந்தது. வெட்டி எரிக்கவேண்டும் என்று இலாகா போட்ட சாவுக்குறியைச் சனங்கள் திருநீறு என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். உள்ளே வண்டு குடும்பம் நடத்திக்கொண்டே கூடப் போயிருக்கிறது.

"ஐயாசாமி மூவாருக்கு எடுத்துட்டுப் போனாரா?"

"ஆமா, அவன்தான் முதல்ல தூக்குனான். சிங்கப்பூர்க்காரங்கதான் பாவம், செக்பாயிண்டுல விடமாட்டாங்கன்னு அந்தா, அந்தக் காட்டோரத்துலயே சாத்திட்டுக் கும்பிட்டுட்டுப் போனாங்க."

காஹாங் காட்டுக்கு இரண்டு வம்சமும் வந்த வழி அது. மூவாருக்குப் போன கட்டையில் ஒரு தாய், பொந்தியானுக்குப் போனதில் இன்னொரு தாய். ஹேமநாதனின் பிஸ்கட் அத்தனையும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

"அந்தக் கட்டை எல்லாம் இப்ப இருக்காம்மா?"

"இல்லியே. போன மாசம் தலைவர் வாட்சப்புல போட்டாரு. கட்டையில தோஷம் இருக்காம், பிரசன்னம் பாத்தாராம், எல்லாரும் உடனே கொளுத்திடணுமாம். எல்லாரும் கொளுத்திப் படம் புடிச்சு அனுப்பிட்டாங்க. இங்க சாத்தியிருந்ததை அவரே ஆள் வெச்சு எரிச்சாரு."

"போன மாசம்," என்றாள் பிரேமலா. "பாய் பேரை இலாகாகிட்ட சொன்னதும் போன மாசம்தான்."

அப்போது ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று பட்டை. பிரேமலாவுக்கு அன்று பட்டை என்றாலே சந்தேகம்தான்.

"வணக்கம். நான் ராஜசேகரன், கோயில் தலைவர். டாக்டர் போன் பண்ணி வீடியோவைப் பத்திக் கேட்டாரு. நீங்க இங்கதான் வருவீங்கன்னு தோணுச்சு." அவர் ராசம்மாவைப் பார்த்தார். ராசம்மா மளமளவென்று குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சூளையில எரிக்கவேண்டிய கட்டையைப் பூக்குழிக்குக் குடுத்து, சூளைச் செலவை மிச்சம் புடிச்சிருக்கீங்க," என்றாள் பிரேமலா.

"நான் உபயம் குடுத்தது பால்மரக் கட்டை. வீடியோ மாத்தி அனுப்பிட்டேன் போலருக்கு. போன்ல ஆயிரம் வீடியோ கெடக்கு. தப்புதான்லா, மன்னிச்சிடுங்க."

"கட்டையில மூணு வெள்ளைக் கோடு இருந்துச்சாமே."

"யாரு சொன்னா? ராசம்மாவா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ராசம்மா, நீ சொன்னியா?"

உள்ளேயிருந்து குடம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. கொட்டகை கோயிலுடையது, கோயில் தலைவருடையது. பிரேமலாவால் ராசம்மாவைக் கோபிக்க முடியவில்லை.

"பாத்தீங்களா," என்றார் ராஜசேகரன். "நீங்க படிச்சவங்க. மழை பெஞ்சுது, கட்டை நின்னுச்சு, சனம் தூக்கிட்டுப் போச்சுன்னு கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையை வெச்சு இலாகா என்ன பண்ணும்? ஒரு கட்டையைக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. காட்டுனா நான் மாலை போட்ட கழுத்தோடயே தலை குனியறேன். இல்லாட்டி அம்மன் வாசல்ல நின்னு என்மேல பழி போட்டதுக்கு நீங்க குனியணும்."

பிரேமலா கார்ப் பக்கம் திரும்பினாள். அந்த ஆள் சொன்னது நியாயம். கட்டை வேண்டும். இலாகாவின் கோடு வேண்டும், உள்ளே அந்த வண்டு வேண்டும். எல்லாக் கட்டையும் புகையாகிப் போய்விட்டது. கொளுத்தியவர்கள் அனுப்பிய படங்கள்கூட அவர் போனில்தான் இருக்கின்றன. நாளைக் காலையில் மாஹிர் பாயின் பட்டறைக்குச் சீல் விழும். கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் வாசலில் நின்று பார்ப்பார்.

"கிளம்பலாம்," என்றாள். "மகேஸ், வண்டியை எடு."

மகேஸ்வரன் நகரவில்லை. காட்டோரத்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றான் ராஜசேகரனிடம். "வாட்சப்புல போட்டீங்கல்ல, எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சா?"

"நீ யாருப்பா?"

"கருப்பாயி மவன்."

ராஜசேகரன் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று தடுக்கியது. யார் இந்தக் கருப்பாயி, அவள் படம் அனுப்பினாளா என்று மனசுக்குள் தேடுவது தெரிந்தது.

பிரேமலா மகேஸ்வரனைப் பார்த்தாள். பொத்தான் போன். பொந்தியானில் எந்த வீடு என்று தெரியாத மரம். வாசலில் இலை கொட்டுகிற மாமரம். காலையிலிருந்து காதில் விழுந்ததெல்லாம் இப்போதுதான் ஒன்றாக வந்து நின்றது. அவனுக்கு அது எப்போதோ வந்திருக்கவேண்டும். ரேடியோவைப் போடாமல் ஓட்டினானே, அப்போதே வந்திருக்குமோ?

"மகேஸ்," என்றாள் மெதுவாக. "நீ போன் பண்ணித்தான் ஆகணும்னு இல்ல. நான் வேற வழி பாக்கறேன்."

"வேற வழி இல்லக்கா. இருந்தா நீங்க இந்நேரம் தலைவரைச் சும்மா விட்டிருக்க மாட்டீங்க." சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி போனைக் கையில் பிடித்தான்.

"என்னடா, வந்துட்டியா?" என்றது கருப்பாயியின் குரல்.

"அம்மா, போன வருஷம் தீமிதியில ஒரு கட்டை எடுத்துட்டு வந்தீங்களா?"

"ஆமாடா, அம்மன் கட்டை. உங்கிட்ட சொல்லலியா? பஸ்ஸுல மடியில வெச்சே கொண்டாந்தேன். கண்டக்டர் ஏசுனான்."

"அது இப்ப இருக்கா? கொளுத்திடலியே?"

"அம்மன் கட்டையை எவனாவது கொளுத்துவானா? என்ன பேச்சுடா இது! அப்படியே இருக்கு. மூணு பட்டையும் அழியல. நடுவுல நான்தான் குங்குமம் வெச்சிருக்கேன்."

ராஜசேகரன் தன் போனை எடுத்து, வந்திருந்த படங்களை வேகவேகமாகத் தள்ளிப் பார்த்தார். உள்ளே குடம் தேய்க்கிற சத்தம் நின்றது. ராசம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். "நானும் சொல்றேன்மா," என்றாள் பிரேமலாவிடம், தலைவரைப் பார்க்காமல். "மூணு பட்டை இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

பிரேமலா ஏற்கெனவே தன் போனில் ஹேமநாதனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "டாக்டர், இலாகா ஆளுங்களைக் கூட்டிட்டு நேரா பொந்தியான் வாங்க. கட்டை கெடச்சிருச்சு. பாய்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு ரம்பம் ஓடும்."

ஆனால் கருப்பாயி இன்னும் பேசி முடிக்கவில்லை.

"எங்கே வெச்சிருக்கீங்கம்மா?" என்று மகேஸ்வரன் கேட்டான். பதில் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டான்.

"மாமரத்துக்குக் கீழதான். முதல்ல வாசப்படிகிட்ட வெச்சிருந்தேன். மரம் வாட ஆரம்பிச்சதும், அம்மன் காப்பாத்தட்டும்னு அடிமரத்துலயே சாத்தி வெச்சு, தினம் விளக்கேத்தறேன். ஆனா இன்னைக்கு இன்னும் கொஞ்சம் இலை கொட்டிருச்சுடா. கயிறு போட்டு மரத்தோட ஒட்டினாப்புல கட்டிடட்டுமா? இன்னும் கொஞ்சம் கிட்ட இருந்தா சீக்கிரம் கண்ணைத் தெறப்பா."

மகேஸ்வரன் போனை மற்றவர்களுக்குக் கேட்காதபடி காதோடு வைத்துக்கொண்டான். அந்த மரத்தில் இன்று போய் மூன்று கோடு போடுவார்கள். அவன்தான் பக்கத்தில் நின்று, அது விபூதி இல்லை என்று அம்மாவிடம் சொல்லவேண்டும்.

"வேணாம்மா," என்றான். "கட்டாதீங்க. எதையும் தொடாதீங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்."

"உரம் வாங்கிட்டியா?"

அவன் காரின் பின்கண்ணாடி வழியாக அந்த மூட்டையைப் பார்த்தான்.

"வாங்கிட்டேன்மா."

போனை அணைத்தான். கார்ச் சாவியை பிரேமலாவின் கையில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கக்கா," என்றான்.